வீட்டுல காசு முட்டுப்பாடா? சிங்கப்பூர்ல எங்க, எந்த வரிசையில போகணும்

வாடகை ரெண்டு மாசம் பாக்கி, கரண்ட் பில்லு மூணு மாசம் பாக்கி, பிள்ளைக்கு கேண்டீன் காசு கொடுக்க வழியில்ல. இந்த நேரம் பாத்து போன்ல "உடனடிக் கடன், ஆவணம் வேண்டாம்"னு ஒரு மெசேஜ் வரும், நம்ம ஆளுங்க நெறைய பேரு மொதல்ல அதுக்குத்தான் பதில் போடுறாங்க. எங்க வட்டாரத்துல எம்பிய (நாடாளுமன்ற உறுப்பினர) நேர்ல பாத்து உதவி கேக்குற மக்கள் சந்திப்பு அன்னிக்கு லெட்டர் எழுதிக் கொடுக்குற தொண்டூழியரா இருக்கேன், அங்க பாத்ததுல எனக்குத் தெரிஞ்ச வரிசைய எழுதுறேன். கடன் வாங்குறதுக்கு முன்னாடி தட்ட வேண்டிய கதவு நெறைய இருக்கு, கடன் வாங்கிட்டா அதே கதவெல்லாம் ரொம்பக் கஷ்டமாயிடும்.

இங்க அரசாங்கம் "இதுக்குக் கீழ சம்பாதிச்சா ஏழை"ன்னு ஒரே கோடு எதுவும் போட்டு வைக்கல. ஒவ்வொரு உதவிக்கும் தனித்தனி வரம்பு. அதனால "நாங்க அவ்வளவு மோசம் இல்லையே"ன்னு நீங்களே தீர்ப்பு எழுதிக்காதீங்க, கேட்டுப் பாருங்க.

மொதல் வேலை வீட்டுலயே இருக்கு. வர்றவங்க பலபேரு கையில ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், உள்ள கவரு கவரா லெட்டரு, பாதிய பிரிச்சே இருக்க மாட்டாங்க, பயம். எல்லாத்தையும் தரையில கொட்டிப் பிரிங்க, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), கரண்ட், ஸ்கூல், ஆஸ்பத்திரி, பேங்க்னு தனித்தனியா வச்சு, எதுல கடைசித் தேதி கிட்ட இருக்கோ அத மேல வைங்க. இதச் செய்யாம எங்க போனாலும் "அடுத்த வாட்டி பில்லு கொண்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புவாங்க.

அப்புறம் ஓட்டை எங்கன்னு பாக்கணும். எல்லாரும் "காசு இல்ல"ன்னுதான் சொல்வாங்க, ஆனா ஏன் இல்லங்குறதுக்கு ஏத்த மாதிரிதான் கதவும் மாறும்.

வேலை போயிருந்தா: 2025 ஏப்ரல்ல இருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஜாப்சீக்கர் சப்போர்ட்னு அரசாங்க உதவித்தொகை ஒண்ணு இருக்கு, ஆறு மாசத்துல மொத்தம் 6,000 வெள்ளி வரைக்கும், மொதல் மாசம் 1,500ல ஆரம்பிச்சு கொறைஞ்சிட்டே வரும், வேலை தேடுறத காட்டணும். ஆனா இது தானா வேலைய விட்டவங்களுக்குக் கெடையாது. அதனால கம்பெனில ஆள் கொறைக்கும்போது "நீங்களே ரிசைன் லெட்டர் கொடுத்துடுங்க, ரெக்கார்டுக்கு நல்லது"ன்னு யாராவது இனிப்பாப் பேசினா கையெழுத்துப் போடாதீங்க.

வேலையில அடிபட்டிருந்தா உடனே டாக்டர்கிட்ட போயி வேலையில நடந்ததுன்னு தெளிவா எழுத வைங்க, தப்பு யாருது என்னங்குறத பாக்காமலே நஷ்டஈடு கேக்கலாம். டெலிவரி ஓட்டுறவங்களுக்கும் 2025 ஜனவரி 1ல இருந்து இந்தப் பாதுகாப்பு சட்டப்படி உண்டு, இது இன்னும் பலபேருக்குத் தெரியல.

ஆஸ்பத்திரி பில்லுன்னா வீட்டுக்கு வந்து கவலைப்படாம அரசாங்க ஆஸ்பத்திரியிலயே மெடிக்கல் சோஷியல் வொர்க்கரக் கேளுங்க, பில்லு கட்ட முடியாதவங்களுக்கு அரசாங்கம் வச்சிருக்குற மெடிஃபண்ட் நிதிக்கு அவங்கதான் வழி.

வேலை இருந்தும் பத்தலன்னா? நான் அதிகமாப் பாக்குறது இந்த வீடுகளத்தான். துப்புரவு வேலை, செக்யூரிட்டி, கடையில பார்ட் டைம், ஒருத்தர் சம்பளத்துல அஞ்சு வயிறு. வொர்க்ஃபேர் (கொறஞ்ச சம்பளக்காரங்களுக்கு அரசாங்கம் கொடுக்குற கூடுதல் தொகை) வருதேன்னு சொல்வாங்க, வருது, ஆனா சம்பளத்துக்கு வேலை செய்றவங்களுக்கு அதுல 40 விழுக்காடுதான் கையில காசா வரும், மிச்சம் 60 மசே நிதிங்குற மத்திய சேமநிதிக் கணக்குக்குப் போயிடும். வயசான காலத்துக்கு நல்லதுதான், இந்த மாச அரிசிக்கு உதவாது. பத்தாத காசுக்கு அப்பா ஓவர்டைம் எடுப்பாரு, அம்மா நைட் ஷிஃப்ட் போவாங்க, மூத்த பொண்ணு தம்பி தங்கச்சியப் பாத்துக்க ஸ்கூலுக்கு லீவு போடும், ஸ்கூல்ல இருந்து லெட்டர் வரும், உடனே அம்மா வேலைய விடுவாங்க, திரும்ப பழைய கதை. இந்த இடத்துல பணத்த விட ஸ்டூடண்ட் கேர் (ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்களப் பாத்துக்குற எடம்) கட்டண உதவி ஒண்ணு கெடைச்சாலே வீடு நிமிந்துடும், பிள்ளைங்க பத்திரமா இருந்தா ரெண்டு பேரும் வேலைக்குப் போகலாம் பாருங்க. அதனால "காசு வேணும்"னு மட்டும் சொல்லாம "பிள்ளையப் பாத்துக்க ஆள் இல்ல"ன்னும் சொல்லுங்க.

இப்ப பெரிய கதவு, சமூகச் சேவை அலுவலகம், எல்லாரும் எஸ்எஸ்ஓன்னுதான் சொல்றது. கஷ்டப்படுற குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்குற காம்கேர் உதவி இங்கதான். வீட்டுல எல்லாரோட சம்பளத்தையும் கூட்டி, பாட்டி, கைக்குழந்தை உட்பட எல்லா தலையாலயும் வகுங்க, தலைக்கு 800 வெள்ளி இல்ல அதுக்குக் கீழ வந்தா கண்டிப்பா போங்க, கொஞ்சம் மேல இருந்தாலும் போங்க, வீட்டு நிலைமைய வச்சு அதிகாரி பாப்பாரு. எங்க இருக்குன்னு தெரியலன்னா 1800-222-0000க்கு போன் பண்ணலாம். ஐசி, பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், அந்தப் பையில இருந்து பிரிச்ச பில்லுங்க எல்லாம் எடுத்துட்டுப் போங்க. ஸ்டேட்மெண்ட்ல அண்ணன் அனுப்புன 300 வெள்ளி இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, எப்படியும் கேப்பாங்க. மனைவி ஊர்ல இருந்து வந்து லாங் டெர்ம் பாஸ்ல இருந்தாலும் பிள்ளைங்க சிங்கப்பூர் குடிமக்கள்னா கதவு மூடலன்னு தெரிஞ்சுக்கோங்க, கேளுங்க. கேள்வி கொஞ்சம் நோண்டுற மாதிரி இருக்கும், கோவம் வரும். வெளிய வந்து கோவப்படுங்க.

வாடகை பாக்கிய எஸ்எஸ்ஓ முடிவு வர்ற வரைக்கும் விட்டு வைக்காதீங்க, வீவக கிளைக்கு நீங்களாப் போயி தவணை கேளுங்க.

பிள்ளைங்க படிப்புக்கு சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இருக்கு, 1991ல இருந்து இருக்கு, டியூஷன், குடும்பத்துக்கு ஆலோசனை எல்லாம் உண்டு. "அங்க போனா தெரிஞ்சவங்க பாத்துடுவாங்க"ன்னு தயங்குறவங்கள நெறையப் பாக்குறேன். ஐயா, வேலையில இருந்த காலமெல்லாம் உங்க சம்பளத்துல மாசாமாசம் சிண்டாவுக்குப் பிடிச்சிருப்பாங்க, உங்க காசு அது, இதுல என்ன வெக்கம்? ஸ்கூல் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்முக்கு ஸ்கூல் ஆபீஸ்லயே நிதி உதவி ஃபாரம் கேளுங்க.

கடன்னே ஆகணும்னா நகை இருந்தா அடகுக்கடை பரவாயில்ல. சட்டப்படி மாசத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல வட்டி போட முடியாது, மீட்க ஆறு மாசம் கெடைக்கும், முடியலன்னா போறது நகைதான், சட்டவிரோதமா கடன் கொடுக்குறவங்க மாதிரி வாசல்ல பெயிண்ட் ஊத்த யாரும் வர மாட்டாங்க. லைசென்ஸ் வாங்கி கடன் கொடுக்குறவங்க மாசம் 4 விழுக்காடு வரைக்கும் போடலாம், வித்தியாசத்தப் பாருங்க. அவங்க வாட்ஸ்அப்லயோ எஸ்எம்எஸ்லயோ விளம்பரம் பண்ணவே கூடாது, அப்ப உங்க போனுக்கு வர்றது யாருன்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க. சிங்பாஸ் (அரசாங்கச் சேவைக்கான ஆன்லைன் அடையாளக் கணக்கு) பாஸ்வேர்ட் கேட்டாலோ ஏடிஎம் கார்ட கேட்டாலோ அதோட பேச்ச முடிச்சுக்கோங்க, கொடுத்தா நீங்களும் கேஸ்ல மாட்டுவீங்க. ஏற்கனவே பேங்க் கார்டு கடன் தலைக்கு மேல போயிருந்தா கிரெடிட் கவுன்சிலிங் சிங்கப்பூர் கிட்ட போங்க, பேங்க்கோட பேசித் தவணை போட உதவுவாங்க. காம்கேர் காசு கடன அடைக்கறதுக்கு இல்ல, அத நம்பி இருக்காதீங்க.

எஸ்எஸ்ஓல இல்லன்னு சொல்லிட்டாங்களா, இல்ல கொடுத்தது பத்தலயா, அப்பதான் எம்பிய பாக்கணும், மக்கள் சந்திப்பு பெரும்பாலும் வாரத்துல ஒரு சாயங்காலம், ப்ளாக் கீழயே நடக்கும், கிழமை தொகுதிக்குத் தொகுதி மாறும். நம்பர் எடுத்து உக்காருங்க. எங்கள மாதிரி ஒருத்தர் முன்னாடி உக்காந்ததும் இருவது வருஷக் கதைய ஆரம்பிக்காதீங்க, எந்த ஆபீஸ், எந்தத் தேதி, என்ன சொன்னாங்க, இப்ப என்ன வேணும், இந்த நாலு மட்டும் சொன்னா லெட்டர் பலமா வரும். மறுப்பு லெட்டர் வந்திருந்தா அத மறக்காம கொண்டு வாங்க, எழுதுற லெட்டருக்கு ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கோங்க, ரெண்டு வாரம் பதில் இல்லன்னா அத எடுத்துட்டு திரும்ப வாங்க, அதே நாற்காலிதான்.