கடைமடை ஆற்றில் படகைக் கட்டி நிறுத்தும் முறை

காவிரிப் படுகையின் கடைமடையில், முத்துப்பேட்டை, வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கங்களில் சிறிய பைபர் படகு வைத்திருப்பவர் இடம் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஷட்டர்களால் நீரைத் தடுத்தும் திறந்தும் விடும் இயக்கு அணையைத்தான். அணைக்கு மேலே இருப்பது பாசனத்துக்கான நன்னீர். கீழே இருப்பது கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட உப்புநீர். ஷட்டர்கள் மூடியிருக்கும் மாதங்களில் அணையின் கீழ்ப்பக்கம் குளம்போல அமைதியாக இருப்பதால், அங்கேயே கட்டிவிடலாம் என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழையில் மேலே வெள்ளம் சேர்ந்து ஷட்டர்களைத் தூக்கும் நாளில், அந்த இடத்து நீரோட்டம் கழியையும் கயிற்றையும் சேர்த்தே பெயர்த்துவிடும். ஆகவே அணையிலிருந்து நன்றாகத் தள்ளி, ஆறு நேராக ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வளைவின் வெளிக்கரையை நீர் அரிக்கும். உட்கரையில் வண்டல் சேர்ந்து படகு தரைதட்டும்.

ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் கழியை ஊன்றிப் பாருங்கள். 1860களில் உப்பு ஏற்றிச் செல்ல வெட்டப்பட்ட வேதாரண்யம் கால்வாயில்கூட இன்று பல இடங்களில் மண் மேடிட்டிருக்கிறது. வற்றத்தில் படகு சேற்றில் அமர்வதால் கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சேற்றுக்குள் பழைய பனங்கட்டையோ உடைந்த கழியோ இருந்தால் அடிப்பகுதி கிழியும். எனவே நீர் முழுதும் வற்றிய நேரத்தில் ஒருமுறை இறங்கிக் காலால் தடவிப் பார்ப்பது நல்லது.

கயிற்றின் நீளத்தைத் தீர்மானிப்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். நீர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம், இறங்குவதற்கு ஆறு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அது கூடும். ஒரு பௌர்ணமியன்று நீர் உச்சத்தில் இருந்தபோது நான் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுச் சென்றேன். வற்றத்தில் திரும்பி வந்தபோது படகின் முன்பகுதியான அணியம் கரைக்கழியில் தொங்கிக்கொண்டிருக்க, பின்பகுதிக்குள் தண்ணீர் புகுந்து எஞ்சின் நனைந்திருந்தது. அதன்பின் புதிய இடத்தில் கட்டும்போதெல்லாம் ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு வற்றமும் உடனிருந்து பார்த்துவிட்டே வீடு திரும்புகிறேன்.

நீரோட்டம் இரு திசையிலும் மாறுவதால் முன்னும் பின்னும் தனித்தனிக் கயிறு வேண்டும். கரையில் மோதாதபடி ஆற்றின் பக்கமாகச் சிறு நங்கூரம் ஒன்றையும் இடுங்கள். ஆனால் அதன் கயிறு மற்றப் படகுகளின் வழியை மறிக்கக்கூடாது. மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு பிறர் எஞ்சினின் விசிறியில் சிக்கும். நைலான் கயிறு நீரில் அமிழும், இழுப்புக்குச் சற்று நெகிழ்ந்தும் கொடுக்கும். கழியை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு அரைமுடிச்சுப் போட்டால் போதும். அவசரத்தில் எளிதாக அவிழ்க்கலாம். அலையாத்தி மரங்களில் ஒருபோதும் கட்டாதீர்கள். சேற்றில் நிற்கும் அவற்றின் வேர்கள் படகின் இழுப்பைத் தாங்குவதற்கானவை அல்ல. 2018 கஜா புயலில் சிதைந்த காட்டுக்கு நம் கயிறும் ஒரு காயமாக வேண்டாம்.

துறையில் ஊன்றியிருக்கும் ஒவ்வொரு கழிக்கும் உரியவர் உண்டு. கேட்டால் இடம் காட்டுவார்கள். எங்கே டீசல், எங்கே ஐஸ், எஞ்சின் பழுதுபார்ப்பவர் யார் என்பதையும் அவர்களே சொல்வார்கள். கடுவையாற்று முகத்திலுள்ள நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் இவை எளிதில் கிடைக்கும். முத்துப்பேட்டைக் காயலுக்குள் செல்வதானால் வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். குடிநீரைக் கேனில் எடுத்துச் செல்லுங்கள். அணைக்கு மேலுள்ள ஆற்றுநீர் படகு கழுவ உதவும், குடிப்பதற்கு ஆகாது.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால் கயிற்றை நம்பியிருக்க வேண்டாம். நெருக்கமாகக் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதியே உடைகின்றன. எஞ்சினைக் கழற்றிவிட்டுப் படகை மேட்டில் ஏற்றிக் கட்டுங்கள். அதற்குப் பலர் தோள் கொடுக்க வேண்டும் என்பதால், யார் யார் வருவார்கள் என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.