சிடி4 எண்ணும் கருவி சரியாக இருக்கிறதா? காலையில் செய்யும் சோதனை

ஈரோடு மஞ்சள் மண்டியில் தராசைப் பார்க்காமல் மூட்டை ஏற்ற மாட்டார்கள். சிடி4 செல்களை (நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) லேசர் ஒளியால் எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரும் தராசு மாதிரிதான். எச்ஐவி உள்ளவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 செல் 200க்குக் கீழே என்றால் நோய் முற்றிய நிலை என்று கணக்கு. 210 இருப்பதை 190 என்று காட்டும் கருவி யாருக்கும் வேண்டாம்.

கருவியைப் போட்டுச் சூடாக விடுங்கள். ஷீத் திரவம் (செல்களை வரிசையாக லேசர் முன் கொண்டுபோவது), கழிவுக் குடுவை இரண்டையும் பார்த்துவிட்டு, பீட்ஸ் என்னும் நுண்மணிகளை ஓட்டி லேசர் நேராக இருக்கிறதா என்று சோதியுங்கள்.

அப்புறம் கன்ட்ரோல் ரத்தம், அதாவது எத்தனை வர வேண்டும் என்று முன்பே தெரிந்த ரத்தம்: எண்ணிக்கை குறைந்தது ஒன்று, இயல்பானது ஒன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வந்ததும் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். குலுக்கினால் செல் உடையும். கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும்.

இனி ரத்தத்தை அளந்து எடுக்கும் பிப்பெட். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான். ஒருமுறை கன்ட்ரோல் விடை மூன்று நாள் ஏறிக்கொண்டே போனது. லேசர் போச்சு என்று இன்ஜினியரைக் கூப்பிடப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், டிப்பின் வெளியே ஒட்டிய ரத்தத்தை யாரும் துடைக்கவில்லை! 50 மைக்ரோலிட்டரோடு 5 கூடப் போனால் விடையும் பத்து சதவீதம் கூடும். மாதம் ஒருமுறை தண்ணீரை எடுத்து நுண்தராசில் நிறுத்துப் பாருங்கள். 50 மைக்ரோலிட்டர் ஏறக்குறைய 50 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

கன்ட்ரோல் விடையை லீவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் (நாள்தோறும் வரும் விடையைச் சராசரியோடு ஒப்பிடும் படம்) புள்ளியாக வையுங்கள். 20 முறை ஓட்டியதன் சராசரி 180, எஸ்டி (விடைகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 12 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எஸ்டிக்குள், அதாவது 156 முதல் 204 வரை பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. இரண்டு முறை தொடர்ந்து ஒரே பக்கம் தாண்டினாலோ, ஒரே முறை மூன்று எஸ்டியைத் தாண்டி 144க்குக் கீழே அல்லது 216க்கு மேலே போனாலோ நோயாளி ரிப்போர்ட்டை நிறுத்துங்கள். எல்லைக்குள் வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்வது இது, நானும் செய்திருக்கிறேன். காரணத்தைத் தேடி, சரிசெய்து, அதை நோட்டில் எழுதிய பிறகே மறுபடி ஓட்டுங்கள்.

வெளித் தரச்சோதனை மாதிரி (பல ஆய்வகங்களின் விடையை ஒப்பிட வெளியிலிருந்து அனுப்பும் ரத்தம்) வந்தால் நோயாளி ரத்தம் போலவே நடத்துங்கள். சேலத்து ஆய்வகத்துக்கு போன் போட்டு "உங்களுக்கு எத்தனைங்க வந்துச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள்.