ஒரே அஞ்சல் பெட்டி, இரண்டு மென்பொருள்: அவுட்லுக்கையும் தண்டர்பேர்டையும் சேர்த்துப் பாவிப்பது

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் சீசன் தொடங்கும்போது இந்த இழுபறியும் தொடங்கும். கணக்குப் பார்ப்பவருக்கு அவுட்லுக் வேண்டும். வேர்டில் ஒரே கடிதத்தை எழுதி, ஆளாளுக்குப் பெயர் மாற்றி அனுப்ப மெயில் மேர்ஜ் இருக்கிறது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்குத் தண்டர்பேர்ட் வேண்டும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கே அழுத்தி விருந்தினர் பெயரில் நாலு எழுத்தைத் தட்டினால் அந்த ஃபோல்டரில் அவருடைய கடிதங்கள் மட்டும் மிஞ்சும். காசும் இல்லை. ஒருவர் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பெட்டி சேர்வரில், அதாவது அஞ்சல் சேவை தருபவரின் கணினியில், இருக்கட்டும், இரண்டும் அதையே பார்க்கட்டும்.

இரண்டிலும் கணக்கை ஐமேப் முறையில் சேருங்கள். அது கடிதங்களைச் சேர்வரிலேயே வைத்துக் காட்டும் முறை. ஒன்று பொப்3 என்ற பழைய, இறக்கி எடுக்கும் முறையில் இருந்தால், அது கடிதங்களைத் தன் கணினிக்கு இறக்கிவிட்டு சேர்வரில் அழித்துவிடக்கூடும். மற்றவருக்குப் பெட்டி வெறுமையாகத் தெரியும். "மெயில் காணாமல் போச்சு" என்ற முறைப்பாடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வரும் அஞ்சலுக்குப் போர்ட் 993, எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்பு). அனுப்ப 465 அல்லது 587. ஜிமெயிலில் வழமையான பாஸ்வேர்டை நேரே கொடுத்தால் ஏற்காது. கூகுளின் உள்நுழைவுச் சாளரம் வர வேண்டும். அது வராத பழைய பதிப்பென்றால் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்துப் போடுங்கள். அவுட்லுக் என்று இங்கே சொல்வது விண்டோஸில் ஓடும் கிளாசிக் அவுட்லுக்கை, "நியூ அவுட்லுக்" அல்ல.

எது சேர்வர் வழியாக மறுபக்கம் போகும், எது போகாது என்பதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். ஃபோல்டர், வாசித்தது வாசிக்காதது, பதில் அனுப்பிய அடையாளம், நட்சத்திரம் ஆகியவை போகும். தண்டர்பேர்டில் இட்ட நட்சத்திரம் அவுட்லுக்கில் கொடியாகத் தெரியும். அவுட்லுக்கின் வண்ண வகைகள் ஐமேப்பில் அந்தக் கணினியோடு நின்றுவிடும். தண்டர்பேர்டின் டேக்குகளை அவுட்லுக் காட்டாது. ஆகவே வண்ணத்தை மறந்துவிட்டு, "பதில் போட வேண்டும்" என்பதற்கு நட்சத்திரம், முற்பணம் வந்த பதிவுகளுக்குத் தனி ஃபோல்டர் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டருக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அவுட்லுக்கில் உருவாக்கிய ஃபோல்டர் தண்டர்பேர்டில் தெரியாவிட்டால், கணக்கின் மேல் வலது கிளிக் செய்து சப்ஸ்கிரைப் என்பதில் அதை டிக் பண்ணுங்கள்.

அடுத்த தலையிடி, அனுப்பிய கடிதங்கள். ஒன்று சென்ட் என்றும் மற்றது சென்ட் ஐட்டம்ஸ் என்றும் இரண்டு ஃபோல்டரில் போட்டால், ஒரே விருந்தினருக்கு இருவரும் வெவ்வேறு விலை சொல்வது வரைக்கும் போகும். அவுட்லுக்கை வளைப்பது கஷ்டம், தண்டர்பேர்டை வளையுங்கள்: அக்கவுண்ட் செட்டிங்ஸில் கொப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் போய், அவுட்லுக் பாவிக்கும் அதே ஃபோல்டரைத் தெரிவு செய்யுங்கள். ஜிமெயில் என்றால் அதுவே பிரதி வைத்துக்கொள்ளும். தண்டர்பேர்டில் பிரதி வைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பெறுநர்கள்தான் என்பதை மெயில் மேர்ஜ் செய்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

தானாகப் பிரிக்கும் விதிகளை இரண்டிலும் எழுதாதீர்கள். ஒன்று நகர்த்திய கடிதத்தை மற்றது தேடித் தடுமாறும். விதி எழுதிய கணினி நிறுத்தியிருந்தால் விதியும் தூங்கும். ஜிமெயிலின் இணையப் பக்கத்திலேயே ஃபில்டர் போட்டால் எல்லாக் கருவிக்கும் ஒன்றுதான்.

டொங்கிள் டேட்டாவில் ஓடும் இடத்தில், ஜிமெயிலின் லேபிள் அமைப்பில் ஓல் மெயிலுக்கு (எல்லாக் கடிதமும் சேரும் இடம்) "ஷோ இன் ஐமேப்" டிக்கை எடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கடிதம் இரண்டு தடவை இறங்கும். தண்டர்பேர்டின் சின்க்ரனைசேஷன் பகுதியில் கடைசி 30 நாள் போதும். பழையவற்றின் தலைப்பு பட்டியலில் இருக்கும், ஆனால் உள்ளடக்கத் தேடலில் சிக்காமல் போகலாம்.

ஒரே நேரத்தில் அதிக இணைப்பு என்று பிழை காட்டினால் காரணம் இது: ஜிமெயில் ஒரு கணக்குக்கு 15 ஐமேப் இணைப்புதான் தரும், தண்டர்பேர்ட் ஒன்றே 5 வரை பிடிக்கும், அவுட்லுக்கும் இரண்டு ஃபோனும் மிச்சத்தைப் பிடிக்கும். சேர்வர் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டில் அந்த 5ஐ 2 ஆக்குங்கள்.

முகவரிப் புத்தகத்தை அவுட்லுக்கிலிருந்து சிஎஸ்வி (எளிய அட்டவணைக் கோப்பு) ஆக எடுத்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகக்கூடும். பத்துப் பெயரை வைத்துச் சோதித்துவிட்டு மிச்சத்தை எடுங்கள்.

அவுட்லுக்கில் கடிதத்தோடு இணைத்து அனுப்பிய கோப்பு மறுபக்கம் "வின்மெயில்.டாட்" என்று போய்ச் சேர்ந்தால், ஒப்ஷன்ஸில் மெயில் பகுதிக்குப் போய் ரிச் டெக்ஸ்ட் என்பதை எச்டிஎம்எல் ஆக மாற்றுங்கள். தண்டர்பேர்டின் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு எதையும் இழுத்துப் போட முன் ஒரு தடவை யோசியுங்கள்: இழுத்த கடிதம் சேர்வரை விட்டுப் போகும், அவுட்லுக்கிலும் இருக்காது. வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் இழுக்காமல் கொப்பி செய்யுங்கள்.