ஒரு கைப்பிடிப் பயறும் ஓர் அரிய காட்டுப்பூவும்

மொரீஷியஸில் தைப்பூசத்தன்று காவடி எடுத்துப் படியேறும் முருகன் கோவில், காட்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கிறது. 1863க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தேவிட்டதாகக் கருதப்பட்ட திரோக்கேத்தியா பார்விஃப்ளோரா என்ற செடி, 2001இல் அதே மலையில்தான் மீண்டும் கிடைத்தது. இப்படி ஒரு செய்தி வந்தால் "எத்தனை செடி மிச்சம்?" என்று கேட்கிறோம். அந்தச் செடிகளுக்குள் எத்தனை விதமான மரபணு மிச்சம் என்றும் கேட்க வேண்டும். அதைக் கணக்கிடும் வழியைச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

படி 1: பூவைக் கவனியுங்கள்

இதன் உறவுச்செடி திரோக்கேத்தியா பிளாக்பர்னியானா. மணிபோன்ற அதன் பூவுக்குள் எட்டிப் பார்த்தால் தேன் மஞ்சள் நிறத்தில் நிற்கும். நிறமுள்ள தேன் பூவுலகில் மிக அரிது. நீலவால் கொண்ட பச்சைப் பல்லி அதை நக்க வரும். தலையில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பல்லிக்குத் தாழம்புதர்தான் வீடு. அடர்ந்த தாழைக்கு அருகில் நிற்கும் செடிகள் அதிகம் காய்ப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பல்லி இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு மகரந்தத்தைச் சுமந்து போகுமா? போகாது. தனிமை அங்கேதான் தொடங்குகிறது.

படி 2: இலையைப் பறிக்காதீர்கள்

அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் நகத்தளவு இலையை சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி டிஎன்ஏ எடுப்பார்கள். நமக்குப் பயறு போதும்.

படி 3: இரண்டு கிண்ணம், இரண்டு மலை

ஒவ்வொன்றிலும் 5 தட்டைப்பயறு, 5 கொண்டைக்கடலை போடுங்கள். ஒவ்வொரு மணியும் ஒரு மரபணுவின் ஒரு பிரதி; பயறும் கடலையும் அந்த மரபணுவின் இரு வடிவங்கள். ஒரு செடிக்கு இரண்டு பிரதி என்பதால் இது 5 செடி. கண்ணை மூடி ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போடுங்கள். இப்படிப் பத்து முறை. குறித்த எண்ணிக்கைப்படி கிண்ணத்தை மாற்றி நிரப்பினால் அடுத்த தலைமுறை. பொறுமையாகத் தொடருங்கள். எங்கள் வீட்டில் இடக்கிண்ணத்துக் கடலை ஒன்பதாம் தலைமுறையில் அடியோடு போய்விட்டது. எந்த நோயும் வரவில்லை, யாரும் வெட்டவில்லை. கூட்டம் சிறிது, அவ்வளவுதான். என் மகள் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கூடத் தேடினாள்.

படி 4: கணக்கு

ஒரு கிண்ணத்தில் பயறு 0.8, கடலை 0.2 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாட்டின் அளவு, அதாவது திரும்பப் போட்டு எடுக்கும் இரண்டு மணிகள் வேறுவேறாக இருக்கும் வாய்ப்பு, 2 × 0.8 × 0.2 = 0.32. மற்றதில் விகிதம் தலைகீழ், அதற்கும் 0.32. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் பாதிக்குப் பாதி, அதாவது 0.5. இனி (0.5 − 0.32) ÷ 0.5 = 0.36. இரு கூட்டங்களும் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்று காட்டும் இந்த எண்ணை ஆய்வாளர்கள் எஃப்எஸ்டி (FST) என்பார்கள். 0 என்றால் இரு மலையிலும் ஒரே கலவை. 1 என்றால் ஒன்றில் பயறு மட்டும், மற்றதில் கடலை மட்டும்.

படி 5: பல்லிக்குப் பதில் உங்கள் கை

மறுபடியும் தொடங்குங்கள். இம்முறை தலைமுறைக்கு ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு செடி, அதாவது இரண்டு மணிகள், மற்ற கிண்ணத்துக்கு மாறட்டும். ஒவ்வொரு சுற்றிலும் எஃப்எஸ்டியை எழுதி, முதல் ஆட்டத்தின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.