ஓய்வுபெற்ற நீதிபதியை மீண்டும் அழைக்க: 224ஏ நடைமுறையும் சம்பளக் கணக்கும்

அரசியலமைப்பின் 224ஏ பிரிவு, 1963-இல் 15ஆவது திருத்தத்தோடு வந்தது. எந்த உயர் நீதிமன்றத்திலாவது நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவரை, மீண்டும் நீதிபதியாக அமர உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி இதன்கீழ் அழைக்கலாம். மாவட்ட நீதிபதியாக ஓய்வுபெற்றவருக்கு இந்த வழி இல்லை. 224 பிரிவின் கூடுதல் நீதிபதி வேறு. அவருக்கு 62 வயதுதான் எல்லை.

முதல் வேலை, அவரிடம் சம்மதம் வாங்குவது. யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று பிரிவே சொல்கிறது. பிறகு பெயரையும் பணிக்காலத்தையும் தலைமை நீதிபதி முதலமைச்சருக்கு அனுப்புவார். ஆளுநரைக் கலந்தபின் அது மத்திய சட்ட அமைச்சருக்குப் போகும். உச்ச நீதிமன்றக் கொலீஜியம் (நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு), பிரதமர் எனக் கடந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்ததும் அறிவிக்கை வரும். இதற்கெல்லாம் மூன்று மாதம் போதும் என்றது உச்ச நீதிமன்றத்தின் லோக் பிரஹரி தீர்ப்பு (20.4.2021). ஓய்வை நெருங்குபவர்களிடம் முன்பே பேசிப் பட்டியல் வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

பணிக்காலம் பொதுவாக 2 முதல் 3 ஆண்டு. எத்தனை பேர் என்பதில்தான் சிக்கல். காலியிடம் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற 2021 தீர்ப்பின் நிபந்தனையை உச்ச நீதிமன்றத்தின் 30.1.2025 உத்தரவு நிறுத்திவைத்தது; ஆனால் 2 முதல் 5 பேர், அதுவும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. 75 இடமுள்ள சென்னைக்கு 5 பேர் வரை தடையில்லை. 20 இடத்துக்கும் குறைவான நீதிமன்றத்தில் 10 சதவீதம் என்பதே 2-ஐ எட்டாது.

சம்பளம்: பணியில் உள்ள நிரந்தர நீதிபதிக்கு உரியதில் ஓய்வூதியம் கழியும். அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.2,25,000. முழு ஓய்வூதியம் ஆண்டுக்கு ரூ.13,50,000, அதாவது மாதம் ரூ.1,12,500. அகவிலைப்படியை விட்டுப் பார்த்தால் கைக்குப் புதிதாக வருவது ரூ.1,12,500. ஓய்வூதியத்தை மறந்து முழுத் தொகையை எதிர்பார்ப்பதுதான் வழக்கமான பிழை. வாடகையில்லா வீடு அல்லது வீட்டுப்படி உண்டு.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கைவசமுள்ள நடுவர் தீர்ப்பாய வேலைகளை எண்ணிப் பாருங்கள். பதவிக்காலத்தில் அவற்றையும் சட்ட ஆலோசனையையும் தொடர முடியாது. நடுவர் வேலையில் நன்றாகச் சம்பாதிப்பவர் தயங்குவது இங்கேதான்.

2021 தீர்ப்பு குறிவைத்தது ஐந்தாண்டைத் தாண்டிய பழைய வழக்குகளை. 2025 ஜனவரி உத்தரவோ, பணியிலுள்ள நீதிபதி தலைமையிலான அமர்வில் உட்கார்ந்து குற்றவியல் மேல்முறையீடுகளைக் கேட்கச் சொன்னது. அமர்வை அமைக்கும் முன், அதற்குப் பிந்தைய உத்தரவுகளையும் ரெஜிஸ்ட்ரி (நீதிமன்றப் பதிவகம்) பார்த்துவிட வேண்டும்.