ஐஸ் ஹாக்கி ஸ்கேட்: பிளேடின் வடிவத்தில் கைவைக்கும் முன்

ஐஸில் விழாமல் நிற்கப் பழகி, கொஞ்சம் வேகமும் பிடித்ததும் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். நான் சரியாகச் சறுக்காததற்குக் காரணம் நானா, பிளேடா? பெரும்பாலும் ஆள்தான் காரணம். ஆனால் பிளேடைக் குறை சொல்வது சுலபம். உடைமாற்றும் அறையில் பிளேடின் வளைவுக்கு நாலு பேர் நாலு எண் சொல்வார்கள். பத்தடி வை என்பார் ஒருவர், பதின்மூன்றடிதான் சரி என்பார் இன்னொருவர். கேட்டவர் மறுநாளே ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு சாணைக்குப் போய்விடுவார். அணியில் சாணை பிடித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருப்பதால், அப்படிக் கெட்டுப்போன பிளேடுகள் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். நானும் அந்த வழியாக வந்தவன்தான், அதனால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆட்டம் முடிந்ததும் பிளேடைத் துடை, காவலுறை மாட்டாமல் வெறுந்தரையில் நடக்காதே என்பதெல்லாம் இங்கே இல்லை. அது முதல் வாரப் பாடம். இங்கே இருப்பது பிளேடின் வடிவத்தில் கைவைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்.

வழுக்கினால் உடனே ப்ரொஃபைலை மாற்றுவது

பிளேடின் அடியில் இரண்டு வளைவுகள் இருக்கின்றன. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் யாரும் பிளேடில் கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலாவது அகலவாக்கில் இருப்பது. பிளேடு சுமார் 3 மி.மீ. அகலம். அதன் அடிப்பாகத்தைத் தட்டையாக விடாமல் நடுவில் லேசாகக் குழித்து எடுக்கிறோம். அதனால் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு கூரான விளிம்புகள் கிடைக்கின்றன. இந்தக் குழிவுதான் ஹாலோ. இதை 3/8, 1/2, 5/8 அங்குலம் என்று சொல்வார்கள். அந்த எண் குழிவின் ஆழம் அல்ல, அந்த வளைவு எந்த வட்டத்தின் துண்டோ அந்த வட்டத்தின் ஆரம். எண் சிறியதானால் குழி ஆழம், ஐஸைக் கடித்துப் பிடிக்கும். எண் பெரியதானால் குழி மேலோட்டம், வழுக்கிக்கொண்டு போகும். ஆழம் என்று சொன்னாலும் கண்ணுக்குத் தெரிகிற ஆழம் இல்லை. 1/2 அங்குல ஹாலோவின் நடுவில் மொத்தக் குழிவே 0.09 மி.மீ.தான்.

இரண்டாவது நீளவாக்கில் இருப்பது. ஆடும் நாற்காலியின் கால் மாதிரி, பிளேடு நடுவில் ஐஸைத் தொட்டு முன்னும் பின்னும் மெல்ல மேலே எழும். இதுதான் ப்ரொஃபைல். இதற்கும் ஆரம்தான் கணக்கு, ஆனால் அங்குலத்தில் அல்ல, அடியில். பத்தடி என்றால் சுமார் 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. அப்படிப்பட்ட பிளேடு நடுப்புள்ளியிலிருந்து 25 மி.மீ. தள்ளி 0.1 மி.மீ. மட்டும் எழுந்திருக்கும். 100 மி.மீ. தள்ளிப் பார்த்தால் 1.6 மி.மீ. அதே இடத்தில் ஒன்பதடி பிளேடு 1.8 மி.மீ., பதின்மூன்றடி பிளேடு 1.3 மி.மீ. எழுந்திருக்கும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். ஆனாலும் ஒன்பதடியைவிடப் பதின்மூன்றடி பிளேடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிக நீளத்துக்கு ஐஸைத் தொடும். அதனால்தான் அது நேர்க்கோட்டில் நிதானமாகப் போகிறது, சட்டென்று திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கிறது.

சரி, தவறு எங்கே? வழுக்கல் பெரும்பாலும் விளிம்பின் பிரச்சினை. அதாவது ஹாலோவோடு சேர்ந்தது. அதற்கு மருந்தாக ப்ரொஃபைலை மாற்றுகிறார்கள். தலைவலிக்குச் செருப்பை மாற்றுவதுபோல என்று சொல்லத் தோன்றும், ஆனால் செருப்பையாவது திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

போன பருவத்தில் ஒரு தம்பி வந்தான்.

"அண்ணா, திரும்பும்போது கால் வழுக்கிட்டே இருக்கு. ஒன்பதடியிலிருந்து பதின்மூன்றுக்கு மாத்தினேன், சரியாகலை. அப்புறம் முன்னாடி சின்ன ஆரம், பின்னாடி பெரிய ஆரம்னு கலந்து போட்டுப் பார்த்தேன். அதுவும் சரியில்லை. நீங்க பத்தடி வெச்சுத் தர்றீங்களா?"

"எந்தப் பக்கம் திரும்பும்போது வழுக்குது?"

கொஞ்சம் யோசித்தான். "இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் ஒண்ணும் இல்லை."

விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. நீளவாக்கில் உள்ள வளைவுக்கு இடது வலது தெரியாது. அது தப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தொல்லை கொடுக்கும். ஒரு பக்கம் மட்டும் கால் போகிறது என்றால் எங்கோ ஒரு விளிம்பு தாழ்ந்திருக்கிறது. இடது பக்கம் திரும்பும்போது உடல் இடப்பக்கம் சாயும். அப்போது இடது காலின் வெளி விளிம்பும் வலது காலின் உள் விளிம்பும் ஐஸைப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பிடித்து, 15 செ.மீ. நீளமுள்ள ஒரு நேரான இரும்புப் பட்டையைப் பிளேடுக்குக் குறுக்காக, இரண்டு விளிம்பிலும் உட்காரும்படி வைத்தேன். பிளேடின் நுனிப் பக்கத்திலிருந்து பார்த்தால் பட்டை பிளேடுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இடது கால் சரியாக இருந்தது. வலது காலில் உள்பக்கம் தாழ்ந்து கிடந்தது. விளிம்புகளுக்கு இடையே 0.05 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தாலே ஒரு டிகிரி சாய்வு. பட்டையின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இரண்டரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு தெரியும். பழகாத கண்ணுக்கும் தப்பாது. யாரோ சாணை பிடிக்கும்போது பிளேடைச் சக்கரத்தின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். சமன் செய்து சாணை பிடித்துக் கொடுத்தேன். வழுக்கல் நின்றுவிட்டது.

நின்றதில் சந்தோஷம் இல்லை, ஏனென்றால் அதற்குள் பிளேடு பாதி போய்விட்டிருந்தது. ஒன்பதடியைப் பதின்மூன்றாக்க வேண்டுமானால் நடுப்பகுதியை அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்துத் தாழ்த்த வேண்டும். ஹாலோவின் மொத்த ஆழத்தைப்போல் ஆறு மடங்கு இரும்பு ஒரே தடவையில் காலி. அங்கிருந்து சிறிய ஆரத்துக்குத் திரும்பினால் இப்போது நுனிகளைத் தேய்க்க வேண்டும். ஒருமுறை நடுவில், ஒருமுறை ஓரத்தில். தேய்த்த இரும்பை யாரும் ஒட்டவைக்க முடியாது. பிளேடின் உயரம் குறைந்துவிட்டால் நன்றாகச் சாய்ந்து திரும்பும்போது பிளேடைத் தாங்கும் பிளாஸ்டிக் ஹோல்டரோ பூட்ஸின் ஓரமோ ஐஸில் உரசும். உரசிய அடுத்த நொடி விளிம்பு ஐஸை விட்டுவிடும், ஆள் களத்தைச் சுற்றியுள்ள பலகையில் போய் மோதுவார். இந்தத் தடவை அவன் பயந்த வழுக்கல் நிஜமாகவே பிளேடால் வந்திருக்கும். புது ஜோடி வாங்கிக்கொள் என்று சொல்லத்தான் முடிந்தது.

இத்தனை பேர் கைமாறியும் ஒருவர்கூடப் பட்டையை வைத்துப் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அரை நிமிட வேலை. கேட்டதைச் செய்து கொடுத்தோம் என்பார்கள். நோயைக் கேட்காமல் கேட்ட மாத்திரையைக் கொடுத்தால் அதற்குப் பெயர் வைத்தியமா?

அதனால் ப்ரொஃபைல் என்று வாயைத் திறக்கும் முன் வழுக்கலைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் விளிம்பு சமமில்லை. இரண்டு பக்கமும் வழுக்கினால் முதலில் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். விரல் நகத்தின் மேல் விளிம்பை லேசாகக் குறுக்கே இழுத்தால் நகத்தைச் சீவி மெல்லிய துகள் வர வேண்டும். துகள் வந்தும் வழுக்கினால் ஹாலோவை ஒரு படி ஆழமாக்குங்கள். அதற்கு ஆகும் இரும்பு மிகவும் குறைவு, பிடிக்காவிட்டால் அடுத்த சாணையில் திரும்பிவிடலாம். வழுக்கலே இல்லாமல், முன்னும் பின்னும் தள்ளாடுகிறது, பின்னோக்கிச் சறுக்கும்போது குதிகாலில் சாய்ந்து விழுகிறேன், நேராகப் போகும்போது கால் நடுங்குகிறது என்றால்தான் ப்ரொஃபைல் பக்கம் போக வேண்டும்.

ஹாலோ, ப்ரொஃபைல் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவது

வேண்டாம். எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாது.

பக்கத்து ஆளின் எண்ணைக் கடன் வாங்குவது

"அவன் பதின்மூன்றில் ஆடுகிறான், எப்படி ஓடுகிறான் பார்!" என்பதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அவனுடைய பிளேடின் நீளம் என்ன? பெரியவர்களுக்கான ஹோல்டர்கள் 254, 263, 272, 280, 288 மி.மீ. என்று பல அளவுகளில் வருகின்றன. ஒரே பத்தடி வளைவை 254-இல் வைத்தால் ஒரு மாதிரி, 288-இல் வைத்தால் வேறு மாதிரி. நீளமான பிளேடின் நுனிகள் நடுவிலிருந்து அதிக தூரம் போவதால் அதிகம் எழும்பி நிற்கும். குட்டைப் பிளேடின் நீளத்தில் பெரும்பங்கு ஐஸுக்கு அருகிலேயே இருக்கும். சின்ன காலுக்குப் பெரிய ஆரம் வைத்தால் பிளேடு கிட்டத்தட்ட அளவுகோல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் திரும்பச் சொன்னால் எப்படித் திரும்பும்?

ஹாலோவிலும் இதே கதை. எடை குறைந்தவர்களுக்கு ஆழக் குழி தேவைப்படும், ஐஸுக்குள் பிளேடை அழுத்த அவர்களிடம் பாரம் போதாது. தொண்ணூறு கிலோ ஆள் அதே 3/8-ஐ வைத்துக்கொண்டு சடாரென்று நிற்கப் பார்த்தால், பிளேடு கடித்துக்கொண்டு ஆளை முன்னால் தூக்கிப் போடும். ஐஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிர்ந்து இறுகிய ஐஸ் ஆழத்தைக் கேட்கும், இளகிய ஐஸில் அதே ஆழம் புதைந்து வேகத்தைத் தின்னும். எல்லோரும் 1/2-இல் தொடங்குவது ஒரு வசதிக்குத்தான், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தடுப்பாட்டக்காரர் என்றால் பெரிய ஆரம், முன்கள ஆட்டக்காரர் என்றால் சிறிய ஆரம் என்று ஒரு வாய்ப்பாடு சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னோக்கி அதிகம் சறுக்குபவருக்கு நிதானம் வேண்டும் என்ற அளவில் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் உயரம், எடை, பிளேடின் நீளம், முட்டியை எவ்வளவு மடக்குகிறார் ஆகிய நாலும் ஆடும் இடத்தைவிட முக்கியம்.

பிட்சைப் பார்க்காமல் ஆரத்தை மட்டும் பார்ப்பது

வளைவின் ஆரம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்த வளைவின் அடிப்புள்ளி பிளேடில் எங்கே விழுகிறது என்பது இன்னொன்று. அதனால் வரும் முன்சாய்வோ பின்சாய்வோதான் பிட்ச். முன்பக்கத்தில் அதிகமாகத் தேய்த்தால் அடிப்புள்ளி குதிகால் பக்கம் நகரும், பூட்ஸ் முன்னால் சாயும், ஆளும் முன்னால் சாய்வார். சிலருக்கு அது முதல் அடியிலேயே வேகம் தரும். ஏற்கெனவே முட்டியை நன்றாக மடக்குபவருக்கோ முன்தொடையும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும், ஆட்டம் பாதியில் நிமிர்ந்துவிடுவார். கணுக்கால் மடங்காமல் விறைப்பாக இருப்பவர்கள் பின்னால் விழுகிறேன் என்று சொல்லிப் பெரிய ஆரம் கேட்பார்கள். அவர்களுக்குத் தேவை பெரும்பாலும் துளி முன்சாய்வு.

ஒரு எச்சரிக்கை. முந்தைய ஸ்கேட்டில் பிடித்துப்போன பிட்சை எண்ணாகச் சொல்லிப் புது ஸ்கேட்டில் வைக்கச் சொல்லாதீர்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பூட்ஸும் ஹோல்டரும் நிற்கிற சாய்வே வேறு. முதலில் சாய்வே இல்லாமல் சில வாரம் ஆடிப் பாருங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் ஐஸில் இறங்குவது

புது பிளேடு பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும். அதற்குள் ப்ரொஃபைலைத் திட்டாதீர்கள்.

ஒருமுறை வைத்த வடிவம் அப்படியே இருக்கும் என்று நம்புவது

கையால் தள்ளிச் சாணை பிடிக்கும்போது தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் கை தன்னறியாமல் அழுந்தும். அதனால் முன்நுனியும் பின்நுனியும் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு போகும். மாதக்கணக்கில் நடப்பதால் ஆடுபவருக்கு உறைக்காது, உடம்பு அனுசரித்துக்கொண்டே வரும். ஒரு நாள் பின்னோக்கிப் போகும்போது குதிகால் பக்கம் பிடிமானமே இல்லாமல் மல்லாந்து விழுவார். அன்றைக்கும் புது எண்தான் கேட்பார். பழைய எண்ணையே திரும்ப வைத்தால் போதும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பிளேடையும் கழற்றி, அடியும் அடியும் ஒட்டும்படி, முன்நுனியோடு முன்நுனி சேர்த்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒட்டி, இரு பக்கமும் வெளிச்சக் கீற்று சீராக விரிய வேண்டும். திடீரென்று ஓரிடத்தில் கீற்று அகன்றாலோ, ஒட்டுகிற இடம் நடுவை விட்டு வெகுதூரம் ஒதுங்கியிருந்தாலோ, இடையில் இரண்டு இடத்தில் தொட்டு நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ வடிவம் கெட்டுவிட்டது.

கோல்கீப்பர் பிளேடு

வேறு உலகம். ஏறக்குறைய முப்பதடி ஆரம், பக்கவாட்டில் நகர்வதற்காகச் செய்தது. அதை வைத்துக் கள ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லாதீர்கள்.

மாற்று ஜோடியை மறப்பது

இப்போதைய ஹோல்டர்களில் பிளேடை நொடிகளில் கழற்றி மாட்டலாம். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். ஆட்டங்களில் பெஞ்சிலேயே மாற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் இரண்டாவது ஜோடி வாங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் முதல் ஜோடிக்கு மட்டும் ப்ரொஃபைல் போட்டுவிட்டு, இரண்டாவதைத் தொழிற்சாலையில் வந்தபடியே பையில் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பகுதி ஆட்டத்தில் விளிம்பு உடைந்து மாற்றும்போது காலுக்கடியில் வேறொரு ஸ்கேட் வந்து நிற்கும். இரண்டு ஜோடியையும் ஒரே நாளில், ஒரே கையில், ஒரே இயந்திரத்தில் கொடுங்கள். ஹாலோ, ஆரம், பிட்ச், தேதி நாலையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையின் உள்ளே ஒட்டிவையுங்கள். அடுத்த முறை என்னிடமோ வேறு யாரிடமோ போகும்போது, "போன தடவை மாதிரியே" என்று சொல்லாமல் அந்தத் தாளைக் காட்டுங்கள்.