மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால்: 60 நொடித் திருப்பம்

கண்ணால் பார்த்து ஓட்ட மட்டுமே பழகியவர் செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தோடு மேகத்துக்குள் போய்விட்டால், முதலில் ஏமாற்றுவது அவருடைய உட்காதுதான். விமானம் மெதுவாகச் சாய்வது அதற்குத் தெரியாது. நேராகப் போவதாகவே தோன்றும். 1999 ஜூலையில் முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் சரடோகா என்ற சிறு விமானம், மூட்டமான இரவில் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு அருகே கடலில் விழுந்ததற்கும் இந்தத் திசைமயக்கமே காரணம் என விசாரணை சொன்னது.

வெளியே பார்ப்பதை உடனே விடுங்கள். விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியைப் பார்த்து இறக்கைகளை மட்டமாக்குங்கள். பிறகு திசைக் கருவி: அதன் வட்டத்தில் மேலே 040 டிகிரி என்றால், நேர் கீழே 220 இருக்கும். அதுதான் திரும்பவேண்டிய திசை, மனக்கணக்கே வேண்டாம். 100 நாட் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகத்தில் சாய்வு 15 டிகிரி போதும். நொடிக்கு 3 டிகிரி வீதம் 60 நொடியில் வந்த வழிக்கே திரும்பிவிடலாம். கீழே விழுந்த வரைபடத்தை எடுக்கக் குனியாதீர்கள். தலை அசைந்தால் திசைமயக்கம் கூடும்.

வேகம் ஏறிக்கொண்டே உயரம் குறைகிறதா? அது சாய்ந்தபடியே சுற்றிச் சுற்றி இறங்கும் சுழல். மூக்கைத் தூக்கக் கட்டுப்பாட்டுப் பிடியை இழுத்தால் இன்னும் இறுகும். முதலில் த்ராட்டிலை (எஞ்சின் விசையை) குறைத்து, இறக்கைகளை மட்டமாக்கி, அப்புறம்தான் மெல்ல இழுக்கவேண்டும்.